ஊர் ஏலமும் ரொட்டி விலையும்

கண்மாய் மீன்பாசி ஏலம் எப்படி நடக்கும் என்று கிராமத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அறிவிப்பு ஒட்டுவார்கள், சில ஊர்களில் ஒட்டியதாக எழுதிக்கொள்வார்கள். தண்டோராச் சத்தம் ஊர்த்தெருவோடு நின்றுவிடும், நம் குடியிருப்புக்கு வராது. ஏலத்துக்கு முந்தின ராத்திரியே மந்தையில் உட்கார்ந்து பேசிவிடுவார்கள். இந்த வருடம் யார் எடுப்பது, எவ்வளவுக்கு எடுப்பது, ஒதுங்கிக்கொள்கிறவர்களுக்கு ஆளுக்கு என்ன கொடுப்பது எல்லாம் அங்கேயே முடிவாகிவிடும். மறுநாள் நடப்பது வெறும் கூத்து. நாலு பேர் டேவணி கட்டுவார்கள். மூன்று பேர் ஒப்புக்கு நூறு, இருநூறு ஏற்றிக் கேட்பார்கள். நாலாவது ஆள் பெயரில் ஏலம் முடியும்.

புளியமர மகசூல் ஏலம், வாரச்சந்தைச் சுங்க வசூல் ஏலம், கருவேல மரம் வெட்டும் ஏலம் என எல்லாவற்றிலும் இதே கதைதான். கண்மாய்க்கரையில் காலமெல்லாம் மராமத்துக்கு மண் சுமந்தவர்கள் நம் மக்கள். மடை திறக்கவும் அடைக்கவும் காவல் காக்கவும் ஓடியவர்கள் நம் மக்கள். ஆனால் நம் இளைஞர் ஒருவர் கையில் டேவணிப் பணத்தோடு ஏல இடத்துக்குப் போனால், 'உனக்கு எதுக்குப்பா இந்த வேலை?' என்று ஆரம்பிப்பார்கள். மீறிக் கேட்டால் மறுநாள் டீக்கடையிலும் வயலிலும் பதில் கிடைக்கும்.

இதில் இரண்டு திருட்டு சேர்ந்து நடக்கிறது. ஊராட்சிக்கு வரவேண்டிய பணம் குறைகிறது. அது முதல் திருட்டு. அந்தப் பணம் இருந்தால்தான் தெருவிளக்கு எரியும், குழாயில் தண்ணீர் வரும். வீட்டில் ஆழ்துளைக் கிணறும் இன்வெர்ட்டரும் வைத்திருப்பவருக்குப் பொதுக்குழாய் வராவிட்டால் நட்டமில்லை. பொதுக்குழாயை மட்டும் நம்பியிருக்கிற தெருவுக்குத்தான் நட்டம். ஏலம் கேட்கும் உரிமையிலிருந்து ஒரு பகுதி மக்களை நிரந்தரமாகத் தள்ளிவைப்பது இரண்டாவது திருட்டு. முதல் திருட்டை எல்லாரும் 'சிண்டிகேட்' என்பார்கள். இரண்டாவதற்கு 'ஊர் வழக்கம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

சட்டப் புத்தகத்தில் இருக்கும் பெயர்

ஏலம் கேட்பவர்கள் முன்கூட்டியே கூடிப் பேசி விலையை முடிவு செய்வது சட்டப்படி குற்றம். 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம், மூன்றாவது பிரிவில் இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஒரே தொழிலில் இருப்பவர்கள் கூடிக்கொண்டு விலையை நிர்ணயிப்பது, சரக்கு வரத்தைக் கட்டுப்படுத்துவது, சந்தையை ஆளுக்கொரு பகுதியாகப் பங்கு போட்டுக்கொள்வது, டெண்டரிலும் ஏலத்திலும் கூட்டுச் சேர்ந்து கேட்பது ஆகிய நான்கும் அதில் வருகின்றன. இப்படிக் கூடிய கும்பலுக்குக் 'கார்ட்டெல்' என்று பெயர். பிடிபட்டால், அந்தக் கூட்டு நீடித்த ஒவ்வோர் ஆண்டின் லாபத்தைப்போல மூன்று மடங்கு வரையோ, விற்றுமுதலில் 10 சதவீதம் வரையோ, எது அதிகமோ அந்த அளவுக்கு அபராதம் போட இந்தியப் போட்டி ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

டெல்லியில் இருக்கும் ஆணையம் நம்மூர்க் கண்மாயைப் பார்க்க வரப்போவதில்லை. அது பெரிய கம்பெனிகளைப் பார்க்கிற இடம். ஆனால் பெரிய கம்பெனிகள் செய்வதும் மந்தையில் நடப்பதும் ஒரே வேலைதான். அதைப் புரிந்துகொண்டால், 'போட்டிக் கொள்கை' என்ற பேச்சு பணக்காரர்களுக்குள் நடக்கும் சண்டை என்று நாம் ஒதுங்கி நிற்க மாட்டோம். நம் மக்கள் ஏன் ஏழையாகவே இருக்கிறார்கள் என்ற கேள்விக்கான பதிலில் ஒரு பாதி அங்கேதான் இருக்கிறது. கூலி குறைவு, நிலம் இல்லை என்று இதுவரை பேசி வந்திருக்கிறோம். அதோடு, சந்தையின் வாசலை யார் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் ரொட்டி

இந்தக் கேள்வியை நேராகக் கேட்ட நாடு தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சியில் கறுப்பின மக்களுக்கு ஓட்டு மட்டுமல்ல, தொழில் செய்யும் இடம், நிலம், உரிமம் எல்லாமே மறுக்கப்பட்டன. 1994-இல் ஆட்சி மாறியது. ஓட்டுரிமை வந்தது. ஆனால் சுரங்கம், வங்கி, மாவு ஆலை, ரொட்டி ஆலை எல்லாம் பழைய சில கைகளிலேயே இருந்தன. ஆகவே 1998-இல் அவர்கள் ஒரு போட்டிச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதன் நோக்கங்களில் ஒன்றாக, கடந்த காலத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் தொழில்களில் உரிமையாளர்களாக வேண்டும் என்பதையும் எழுதிவைத்தார்கள். சிறு தொழில்களுக்குச் சமமான வாய்ப்பு, வேலைவாய்ப்பு ஆகியவையும் நோக்கங்களில் சேர்ந்தன.

2006 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்கு ஒரு சோதனை வந்தது. கேப் டவுன் நகரம் இருக்கிற மேற்குக் கேப் மாகாணத்தில், பெரிய ரொட்டிக் கம்பெனிகள் ஒரே நேரத்தில் விலையை ஏற்றின. கடை கடையாகக் கொண்டுபோய்ப் போடும் சிறு விநியோகஸ்தர்களுக்குத் தரும் கழிவையும் சேர்ந்தே குறைத்தன. ரொட்டி அங்கே ஏழைகளின் அன்றாட உணவு. நமக்குச் சோறு மாதிரி. அந்த விநியோகஸ்தர்களில் ஒருவரான இம்ரான் முகத்தம் என்பவர், இது தற்செயலாக நடந்திருக்காது என்று போட்டி ஆணையத்திடம் புகார் செய்தார்.

விசாரணை தொடங்கியதும் கம்பெனிகளில் ஒன்று அப்ரூவராக மாறியது. கார்ட்டெல்லை முதலில் காட்டிக்கொடுக்கும் கம்பெனிக்கு அபராதத்திலிருந்து விலக்கு தரும் ஏற்பாடு அங்கே இருந்தது. நம் போட்டிச் சட்டத்திலும் அபராதத்தைக் குறைக்கும் இத்தகைய ஏற்பாடு உண்டு. 2007-இல் டைகர் பிராண்ட்ஸ் கம்பெனி ஏறக்குறைய 9.9 கோடி ராண்ட் அபராதம் கட்டச் சம்மதித்தது. மறுத்து வாதாடிய பயனியர் ஃபுட்ஸ் கம்பெனிக்கு 2010 பிப்ரவரியில் சுமார் 19.6 கோடி ராண்ட் அபராதம் விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில், அந்தக் கம்பெனி மீதிருந்த மற்ற புகார்களையும் சேர்த்து 50 கோடி ராண்டில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அந்தப் பணத்தில் பாதி, உணவுப் பதப்படுத்தும் தொழிலுக்குப் புதிதாக வரும் சிறு தொழில்முனைவோருக்கான நிதியாக ஒதுக்கப்பட்டது. ரொட்டி, மாவு விலையைக் குறைக்கவும் கம்பெனி ஒப்புக்கொண்டது.

நாம் கவனிக்க வேண்டியது அபராதத் தொகையை மட்டும் அல்ல. கூடிப் பேசி வாசலை அடைத்தவனிடமிருந்து பிடுங்கிய பணம், வாசலுக்கு வெளியே நின்றவன் உள்ளே வருவதற்குப் பயன்பட்டது. போட்டிச் சட்டம் சமத்துவத்துக்கு உதவும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம். அந்தச் சட்டத்தை 2018-இல் மேலும் பலப்படுத்தினார்கள். 2021-இல் ஒரு பிரபல பர்கர் கடைத் தொடரை இன்னொரு நிறுவனத்துக்கு விற்க முயன்றபோது, அதில் ஒடுக்கப்பட்ட மக்களின் பங்கு 68 சதவீதத்திலிருந்து பூஜ்யமாகிவிடும் என்ற காரணத்துக்காக ஆணையம் முதலில் அனுமதி மறுத்தது. பிறகு நிபந்தனைகளோடு அனுமதித்தது.

இதனால் தென்னாப்பிரிக்கா சமத்துவ பூமியாகிவிட்டதா? இல்லை. உலகிலேயே வருமான ஏற்றத்தாழ்வு மிக அதிகமான நாடுகளில் அதுவும் ஒன்றாகத்தான் இன்றும் இருக்கிறது. நிலம் கைமாறாமல், நல்ல பள்ளிக்கூடம் இல்லாமல், ஒரு சட்டம் மட்டும் எல்லாவற்றையும் சாதித்துவிடாது. ஆனாலும் ஒடுக்கப்பட்டவர்களின் பெயரை ஒரு வணிகச் சட்டத்துக்குள் எழுதலாம், அதை வைத்து ஒரு பெரிய கம்பெனியை நிறுத்திக் கேள்வி கேட்கலாம் என்று அவர்கள் காட்டினார்கள். சாதியையும் நிறவெறியையும் ஒப்பிட்டு 2001-இல் டர்பன் மாநாட்டில் தலித் அமைப்புகள் வாதாடின. அந்த ஒப்பீட்டை நாம் வணிகச் சட்டத்துக்கும் கொண்டுவர வேண்டும்.

சிமெண்ட் மூட்டைக்குள் இருக்கும் வரி

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். சிமெண்ட் கம்பெனிகள் கூடிப் பேசி உற்பத்தியைக் கட்டுப்படுத்தி விலையை ஏற்றுகின்றன என்று கட்டுமானச் சங்கம் ஒன்று புகார் கொடுத்தது. 2012 ஜூனில் போட்டி ஆணையம் 11 கம்பெனிகளுக்கு 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. விசாரணை முறையில் குறை இருந்தது என்று 2015-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்து திருப்பி அனுப்பியது. 2016-இல் ஆணையம் மறுபடி விசாரித்து மறுபடி அபராதம் போட்டது. 2018-இல் தீர்ப்பாயம் அதை உறுதி செய்தது. கம்பெனிகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. 10 சதவீதத்தைக் கட்டச் சொல்லிவிட்டு நீதிமன்றம் மேல்முறையீட்டை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

இதில் நமக்கு என்ன? அரசின் வீட்டுத் திட்டத்தில் வீடு கட்டுகிற ஒருவரை எண்ணிப் பாருங்கள். பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு ஒன்றிய அரசு வகுத்த தொகை வீட்டுக்கு 1.20 லட்சம் ரூபாய். 2024-இல் தமிழக அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 3.5 லட்சம் ரூபாய். தொகை முன்னமே முடிவானது. சிமெண்ட் விலை ஏறினால் தொகை ஏறாது. மூட்டைக்கு 50 ரூபாய் கூடினால், 100 மூட்டைக்கு 5,000 ரூபாய். ஒரு கூலித் தொழிலாளிக்கு அது பல நாள் கூலி. பல வீடுகளில் அது வட்டிக்கு வாங்கும் பணம். அடுக்குமாடி கட்டுகிறவர் அந்த 50 ரூபாயை வீடு வாங்குபவர் தலையில் கட்டிவிடுவார். தனக்கென்று ஒரே ஒரு வீடு கட்டுகிறவர் யார் தலையில் கட்டுவார்? பாதியில் நின்றுபோன சுவர்களை நம் தெருக்களில் பார்க்கிறோமே, அவற்றுக்கான காரணங்களில் விலைவாசியும் ஒன்று.

கூடிப் பேசி ஏற்றிய விலை ஒருவகை வரி. அரசு போடும் வரியிலாவது ஒரு பகுதி பள்ளிக்கூடமாகவும் ஆஸ்பத்திரியாகவும் திரும்பி வரும். கார்ட்டெல் போடும் வரி கம்பெனிப் பங்குதாரரிடம் போகும். பங்கு வைத்திருப்பவர்கள் யார், மூட்டை வாங்குபவர்கள் யார் என்று பார்த்தால், பணம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பது தெரிந்துவிடும். ஏகபோகம் ஏற்றத்தாழ்வை வளர்க்கும் வழி இதுதான்: கீழே இருப்பவர் கையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து மேலே சேர்க்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் போவதால் யாரும் போராட்டத்துக்கு வருவதில்லை.

தமிழ்நாடு இதற்கு ஒரு மாற்று வழியைத் தொட்டுப் பார்த்தது. 2015-இல் அம்மா சிமெண்ட் என்று மூட்டை 190 ரூபாய்க்கு விற்றது. 2021 நவம்பரில் அரசு நிறுவனமான டான்செம் 'வலிமை' சிமெண்டைக் கொண்டுவந்தது. அரசே ஒரு போட்டியாளராகக் களத்தில் நின்றால் தனியார் நினைத்தபடி விலை ஏற்ற முடியாது என்பதுதான் இதன் கணக்கு. ரேஷன் கடை செய்வதும் இதே வேலைதான்.

ஒரே முதலாளி, ஒரே கூலி

விற்பவர்கள் கூடிக்கொண்டால் விலை ஏறும். வாங்குபவர் ஒருவரே இருந்தால் விலை இறங்கும். நம் மக்களைப் பொறுத்தவரை இரண்டாவதுதான் பெரிய நோய். ஏனென்றால் நம்மிடம் விற்பதற்கு இருப்பது பெரும்பாலும் உழைப்பு. ஊரில் நிலம் நாலு குடும்பத்திடம் இருந்தால், அந்த நாலு பேரும் உறவாகவும் இருந்தால், கூலி என்ன என்பதை அவர்கள் ஒரு கல்யாண வீட்டில் முடிவு செய்துவிடலாம். 'ஆணுக்கு இவ்வளவு, பெண்ணுக்கு இவ்வளவு, மேலே யாரும் கொடுக்கக் கூடாது.' இதுவும் கார்ட்டெல்தான். ஜோன் ராபின்சன் என்ற ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர், வாங்குபவர் கையில் குவியும் இந்த அதிகாரம் கூலியை எப்படி அமுக்குகிறது என்று 1933-லேயே ஒரு நூலில் விளக்கினார்.

2005-இல் நூறு நாள் வேலைச் சட்டம் வந்தபோது பல ஊர்களில் நிலம் வைத்திருப்பவர்கள் ஏன் அவ்வளவு கோபப்பட்டார்கள்? 'ஆளே கிடைக்கவில்லை, சோம்பேறியாக்கிவிட்டார்கள்' என்ற புலம்பலை நாம் கேட்டிருக்கிறோம். உண்மையில் நடந்தது என்னவென்றால், ஊருக்குள் இரண்டாவது ஒரு முதலாளி வந்துவிட்டார். அவர் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றார். சாதி கேட்கவில்லை. ஆகவே பழைய முதலாளி கூலியைக் கொஞ்சம் ஏற்ற வேண்டியதாயிற்று. அந்தச் சட்டத்தின் குறைகள் எத்தனையோ. ஆனாலும் உழைப்புச் சந்தையில் அது கொண்டுவந்த போட்டிதான் நம் பெண்களுக்குப் பேரம் பேசும் வாயைக் கொடுத்தது.

பாலிலும் இதைப் பார்க்கலாம். குஜராத்தின் கேடா மாவட்டத்தில், பம்பாய்க்குப் பால் அனுப்பும் உரிமை பால்சன் என்ற ஒரே கம்பெனியிடம் இருந்தது. வேறு யாருக்கும் விற்க வழியில்லாத விவசாயிகள் 1946-இல் பாலை ஊற்ற மறுத்து 15 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பதிவான கூட்டுறவு ஒன்றியம்தான் பின்னாளில் அமுல் ஆனது. நம் ஆவினும் அந்த வழியில் வந்ததுதான். வாங்குவதற்கு இன்னொருவர் வந்தாலே விலை நியாயமாகும் என்பது அங்கே நிரூபணமானது.

ஆனால் கூட்டுறவும் சாதியை விட்டுவைக்கவில்லை. 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் தீண்டாமை பற்றி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2006-இல் நூலாக வந்தது. பால் கூட்டுறவு இருந்த ஊர்களில் ஏறக்குறைய பாதியில், தலித்துகள் அங்கே பால் விற்க முடியவில்லை என்று அது பதிவு செய்தது. மூன்றில் ஒரு பங்கு ஊர்களில் உள்ளூர்ச் சந்தையில் பொருள் விற்கவே தடை இருந்தது. பொருளாதாரப் பாடப் புத்தகத்தில் 'சுதந்திரச் சந்தை' என்று படிக்கும் மாணவர்கள் இந்த இரண்டு தகவலையும் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அம்பேத்கர் முன்னமே சொன்னது

சாதி என்பது உலகத்தின் மிகப் பழைய கார்ட்டெல். யார் எந்தத் தொழில் செய்யலாம், யார் எதை வாங்கலாம், யார் எங்கே விற்கலாம் என்று கூடிப் பேசி வகுத்துக்கொண்டு, மீறுகிறவரைத் தண்டிக்கும் ஏற்பாடு அது. சாதாரணக் கார்ட்டெல்லில் ஒருவன் பேராசைப்பட்டு விலகினால் கூட்டு உடைந்துவிடும். சாதிக் கூட்டில் விலகுகிறவனையும் ஊர் விலக்கிவைக்கும். அதனால்தான் அது உடையாமல் நிற்கிறது.

அண்ணல் அம்பேத்கர் இதைப் பொருளாதார நிபுணராகவே பார்த்தார். 1947-இல் அரசியல் நிர்ணய சபைக்காக அவர் தயாரித்த 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையில், அடிப்படைத் தொழில்களும் காப்பீடும் விவசாயமும் அரசின் கையில் இருக்க வேண்டும், நிலம் சாதி வேறுபாடின்றிக் குத்தகைக்குத் தரப்பட வேண்டும் என்று கேட்டார். தனியார் ஏகபோகம் ஜனநாயகத்தை விழுங்கிவிடும் என்பது அவர் கவலை. அதே அறிக்கையில் சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்கும் ஒரு பகுதியும் உண்டு. கொடுக்கல் வாங்கல் செய்ய மறுப்பது, வேலை தர மறுப்பது, வியாபாரம் செய்ய மறுப்பது எல்லாம் அதில் வருகின்றன. 1922-இல் பர்மாவில் வந்த புறக்கணிப்புத் தடைச் சட்டத்தை அவர் அதற்கு மாதிரியாகக் கொண்டார். இன்றைய போட்டிச் சட்டம் 'கொடுக்கல் வாங்கலுக்கு மறுத்தல்' என்று ஒன்றைக் குறிப்பிடுகிறதே, அதன் கிராமத்து வடிவத்தை அவர் 1947-லேயே பிடித்துவிட்டார்.

அரசியல் சட்டத்தின் 38, 39 ஆகிய பிரிவுகள், ஏற்றத்தாழ்வைக் குறைக்கவும் செல்வம் சிலர் கையில் குவியாமல் தடுக்கவும் அரசுக்குக் கட்டளையிடுகின்றன. 1969-இல் வந்த ஏகபோகத் தடைச் சட்டம் அந்தக் கட்டளையிலிருந்து பிறந்தது. அதற்குப் பதிலாக வந்த 2002-ஆம் ஆண்டுச் சட்டம், நுகர்வோர் நலன், வணிகச் சுதந்திரம், பொருளாதார வளர்ச்சி பற்றிப் பேசுகிறது. செல்வக் குவிப்பைப் பற்றியோ ஒடுக்கப்பட்டவர்களைப் பற்றியோ அதன் முகப்புரையில் ஒரு வார்த்தை இல்லை. தென்னாப்பிரிக்கா எழுதியதை நாம் எழுதாமல் விட்டோம்.

'போட்டி' என்றால் நமக்கு ஏன் பயம்?

நம் தோழர்கள் பலருக்குப் 'போட்டி' என்ற சொல்லே பிடிப்பதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. இடஒதுக்கீட்டை எதிர்ப்பவர்கள் 'தகுதி, திறமை, போட்டி' என்றுதான் பேசுகிறார்கள். 1892-க்குப் பிறகு நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்ட 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலத்தில் பெரும்பகுதியைப் பறித்துக்கொண்டு, பிறகு 'வாருங்கள், சமமாகப் போட்டி போடுவோம்' என்பது மோசடி. டேவணி கட்டப் பணம் இல்லாதவருக்கு ஏலம் திறந்திருந்து என்ன பயன்?

ஆகவே நாம் கேட்கும் போட்டிக் கொள்கைக்கு இரண்டு கை வேண்டும். ஒரு கை, கூடிப் பேசுகிறவர்களை உடைக்க வேண்டும். இன்னொரு கை, வெளியே நிற்பவர்களை உள்ளே தூக்கிவிட வேண்டும். ஒன்றிய அரசின் 2012-ஆம் ஆண்டுக் கொள்முதல் ஆணைப்படி, மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் தம் கொள்முதலில் 4 சதவீதத்தைத் தலித், பழங்குடி தொழில்முனைவோரிடம் வாங்க வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு அந்த இலக்குக்கு வெகு கீழேதான் கொள்முதல் நின்றிருக்கிறது. கர்நாடகம் ஒரு படி மேலே போய், அரசு ஒப்பந்தப் பணிகளில் முதலில் 50 லட்சம் ரூபாய் வரையிலும், 2023-இல் 1 கோடி வரையிலும், 24.1 சதவீதத்தை இவர்களுக்கென்று சட்டம் போட்டே ஒதுக்கியது. தமிழ்நாட்டில் 2023-இல் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் வந்தது. முதலீட்டில் 35 சதவீதம் மானியம் கிடைக்கிறது. நல்ல திட்டம். ஆனால் மானியத்தில் மெஷின் வாங்கிவிடலாம், ஆர்டர் யார் தருவது? டெண்டரில் நாலு பேர் கூடிக்கொண்டு புதியவரை வெளியே தள்ளினால் மெஷின் துருப்பிடிக்கும், கடன் மட்டும் நிற்கும். அதனால்தான் கர்நாடகம் போல ஒரு சட்டம் இங்கேயும் வேண்டும் என்கிறோம்.

ஊரில் என்ன செய்யலாம்

பெரிய கோரிக்கைகள் ஒருபுறம் இருக்கட்டும். நாளைக்கே செய்யக்கூடியவை சில உண்டு.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் ஒரு மனு போடுங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் உங்கள் ஊராட்சியில் நடந்த ஏலங்கள் எவை, அறிவிப்பு எந்தத் தேதியில் எங்கே ஒட்டப்பட்டது, டேவணி கட்டியவர்கள் யார், முடிந்த தொகை எவ்வளவு என்று கேளுங்கள். ஐந்து ஆண்டும் நாலு பெயர்களே மாறி மாறி வந்தால், பக்கத்து ஊரின் இதே அளவுக் கண்மாய் மூன்று மடங்குக்குப் போயிருந்தால், கையில் ஆதாரம் வந்துவிட்டது. அதைக் கிராமசபையில் படியுங்கள். ஆண்டுக்கு ஆறு கிராமசபை நடக்கிறது. தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் கலெக்டருக்கு மனு கொடுங்கள். ஏல அறிவிப்பு நம் குடியிருப்பிலும் ஒட்டப்பட வேண்டும், டேவணியை மகளிர் குழுக்கள் கட்டக்கூடிய அளவில் வைக்க வேண்டும், தொகையைப் பலகையில் எழுத வேண்டும் என்று கேளுங்கள்.

ஏலம் கேட்டதற்காக வேலை கொடுக்க மறுத்தாலோ, கடையில் சாமான் தர மறுத்தாலோ, அது வன்கொடுமை. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பும், பொதுவான ஒரு தொழிலையோ வியாபாரத்தையோ செய்யவிடாமல் தடுப்பதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் மூன்றாவது பிரிவில் குற்றங்கள். டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். கலெக்டர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழுவிலும் இதை எழுப்பலாம்.

வணிகவியல், பொருளியல், சட்டம் படிக்கும் நம் மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. போட்டி ஆணையத்துக்கு யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்தித் தகவல் மனு கொடுக்கலாம். தென் மண்டல அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. அரசுப் பணிகளின் டெண்டர் முடிவுகளைச் சேகரித்து, யார் யார் சேர்ந்தே கேட்கிறார்கள், யார் முறை வைத்து எடுக்கிறார்கள் என்று பட்டியல் போடுங்கள். ஆய்வுக் கட்டுரைக்கு இதைவிட உயிருள்ள தலைப்பு கிடைக்காது.

இதெல்லாம் ஆபத்தில்லாத வேலை என்று சொல்ல மாட்டேன். மேலவளவு நம் கண் முன்னால் இருக்கிறது. தனி ஊராட்சியாக அறிவிக்கப்பட்ட அந்த ஊரில் தலைவரான முருகேசனும் அவரோடு வந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தலில் பத்து ஆண்டுகள் தலைவர் தேர்தலை முறையாக நடத்தவிடவில்லை. ஒரு நாற்காலிக்கு ஏன் இத்தனை வெறி? கௌரவம் என்பார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்தான் கண்மாயையும் மரத்தையும் சந்தையையும் ஏலம் விடுகிறவர் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். சில ஊர்களில் தலைவர் பதவியையே ஏலம் போடுகிறார்கள் என்ற செய்தி ஒவ்வொரு தேர்தலிலும் வருகிறது. போட்ட பணத்தை எங்கிருந்து எடுப்பார்கள்?

அதனால் தனியாகப் போகாதீர்கள்; குழுவாகப் போங்கள். வாயால் கேட்காதீர்கள், எழுத்தில் கேட்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஊர்த்தெருவிலும் சிண்டிகேட்டால் வயிறெரிகிற சிறு விவசாயிகளும் சிறு வியாபாரிகளும் இருக்கிறார்கள். கண்மாய் குறைந்த விலைக்குப் போனால் அவர்கள் வீட்டுக் குழாயிலும்தான் தண்ணீர் வராது. அவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். அடுத்த கிராமசபைக்கு ஊராட்சியின் ஏலக் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு போவதிலிருந்து தொடங்குவோம்.